சுவருக்குக் கன்னம் எது?

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு, "டைல் ஒட்டுறா" என்றுதான் நான் நெடுநாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்ரூமுக்கா, கிச்சனுக்கா?" என்பார்கள். மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் கோடி வீட்டுக்காரி ஒருபடி மேலே போய், தன் குளியலறையை வந்து அளந்து பார்க்கச் சொல்லி ஆளே அனுப்பிவிட்டாள். மகள் அன்றைக்கு என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

"மொசைக் ஆர்ட்டிஸ்ட்னு சொல்லும்மா. வாயில வராதா?" என்று கேட்டாள்.

வரும். ஆனால் அதற்குப் பின்னாலேயே "அப்படின்னா?" என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு நான் எங்கே போவது? நான் ரவிக்கை தைக்கிறவள். என் வீட்டுக்காரர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். எங்கள் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ரெம்பியாப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்கள். எங்கள் வம்சத்தில் சுவரில் எதையாவது ஒட்டிப் பிழைத்தவர் என்றால் என் சின்ன மாமனார் ஒருவர்தான். அவர் தேர்தலுக்குப் போஸ்டர் ஒட்டினார்.

கோலாலம்பூருக்குப் போய் ஓவியம் படித்து வந்த பெண், வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் பெற்றவள் சும்மா இருப்பாளா? என் ஒன்றுவிட்ட தங்கை ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். அங்கே கவுண்டருக்கு ஆள் வேண்டும் என்றாள். ஏர்கான் அறை, சுழலும் நாற்காலி, ஞாயிற்றுக்கிழமை லீவு. "ஆர்ட்டு எங்கயும் ஓடிப் போயிடாதுடி, சாயங்காலம் வந்து வரைஞ்சுக்கோ" என்றேன். ஒரு தடவை இல்லை, உப்புப் போட்டுச் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் சொன்னேன். அவள் தன் அப்பாவிடம் முறையிட்டாள். அவர், "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்த வழக்குக்கும் அவர் சொல்லும் தீர்ப்பு அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் சுரங்கப்பாதை வேலை வந்தது.

டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கும் பசாருக்கும் நடுவே ஒரு பெரிய சாலை ஓடுகிறது. அதற்கு அடியில் ஜனங்கள் நடந்து போக ஒரு பாதை இருக்கிறது. மழை பெய்தால் கணுக்கால்வரை தண்ணீர் நிற்கும், வெயில் அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். சுவர் முழுக்க வட்டிக்கு விடும் அலோங்குகள் ஒட்டிய ஸ்டிக்கர், டியூஷன் ஸ்டிக்கர், ஏர்கான் கழுவித் தருகிறோம் ஸ்டிக்கர். அந்தச் சுவர்களில் ஒன்றை முழுக்க மொசைக்கால் அழகுபடுத்தப் போகிறோம், படம் வரைந்து அனுப்புங்கள் என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். என் மகள் அனுப்பினாள். அவள் படத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

வரைபடத்தைக் கொண்டுவந்து, நான் வெட்டி வைத்திருந்த கல்யாண ரவிக்கைத் துணியின் மேலேயே விரித்தாள். "எப்படிம்மா இருக்கு?"

பார்த்தேன். நீலம். அதற்குள் மஞ்சள். ஓரத்தில் காவியா சிவப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். நடுவில் வெள்ளை வளைந்து நெளிந்து போகிறது. ஆள் இல்லை, மரம் இல்லை, ஒரு குருவிகூட இல்லை. மலாக்கா என்றால் ஒரு கப்பலாவது போடலாமே, அதுவும் இல்லை. "இதுல எதுடி மேல்பக்கம்?" என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. பூப்போட்ட துணியானாலும் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துத்தானே கத்தரி வைப்பேன்.

"இது அப்ஸ்ட்ராக்ட்மா. இதுதான்னு ஒண்ணு கெடையாது. பாக்குறவங்களுக்கு என்ன தோணுதோ அதுதான்."

"எனக்கு வெட்டுத்துணி மூட்டைதான் தோணுது."

அவள் வரைபடத்தைச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே ஒரு பேச்சு பேசினாள். "சரி. வேல முடிஞ்சதும் ஆபீஸ்லேர்ந்து வந்து பாப்பாங்க. சரியா இருந்தா கையெழுத்துப் போடுவாங்க. போட்டுட்டாங்கன்னா இந்த வீட்டுல யாரும் பல் கிளினிக்னு வாயத் தொறக்கக் கூடாது. போடலன்னா, இந்த வேலையே வேணாம், அடுத்த திங்கக்கெழமை நானே போய் கவுண்டர்ல உக்காந்துக்கறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

அவள் அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். அவர் இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்றார்.

நான் வாயை அடைத்துக்கொண்டேன். கையை அடைக்கச் சொல்லி யாரும் ஒப்பந்தம் போடவில்லையே. கிளினிக்கில் வெளிர்நீல பாஜு குரோங்தான், அந்த மலாய்க்கார நீளச் சட்டையும் பாவாடையும்தான், சீருடை என்று தங்கை சொல்லியிருந்தாள். ஆர்டர் இல்லாத ஒரு மத்தியானம் மகளின் அளவுக்கு ஒன்று தைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் வைத்தேன். முன்னேற்பாடாக இருப்பது குற்றமா என்ன?

வேலை எங்கள் வீட்டு கார் போர்ச்சில் நடந்தது. கார் வெயிலில் நின்றது. டைல்களைக் குறடால் நறுக்கி, ஒரு வலைத்துணியின் மேல் துண்டு துண்டாக ஒட்டுவாள். காய்ந்ததும் அந்த வலையை அப்படியே கொண்டுபோய்ச் சுவரில் பதிக்க வேண்டும். என் முறுக்கு டின்கள் எல்லாம் போயின. தீபாவளிக்கு வைத்திருந்த டின்னில் நீலம், ஐஸ்கிரீம் டப்பாவில் மஞ்சள், இட்லி மாவு வாளியில் வெள்ளை. எங்கே கால் வைத்தாலும் குத்தும். ஒருநாள் ரசத்தில் ஒரு துண்டு கிடந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கடக்கென்று கடித்துவிட்டு, "இன்னிக்கு மிளகு கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார். பல் போனால் எங்கே போக வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒப்பந்தம் ஞாபகம் வந்து ரசத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

ஒவ்வொரு வலை முடியும்போதும் கூப்பிடுவாள். "ம்மா, கொஞ்சம் வந்து பாரேன். எப்படி இருக்கு?"

நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வருவேன். வந்து, "கலரு மங்காதுல்ல?" என்பேன். இன்னொரு நாள், "ஓரம் கூர்மையா இருக்கே, எவன் கையாச்சும் கிழிச்சுடப் போவுது" என்பேன். வேறொரு நாள், "தொடைக்கிறது சுலபம்" என்றேன். அவள் உம் என்று சொல்லிவிட்டு அடுத்த வலையை எடுப்பாள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கட்சி தோற்றுவிடும் என்று எனக்கு ஒரு வீம்பு.

வேனில்தான் எல்லா வலைகளும் டவுனுக்குப் போயின. பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து சீட்டுகளுக்கு நடுவில் அடுக்கிக்கொண்டு போவார். மகளும் கூலிக்கு வந்த ஓர் ஆளும் பதித்தார்கள். நான் மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு போவேன். அந்தப் பாதையின் வாசலில் பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். குடை, பெல்ட், தொப்பி விற்பார், சாவி வெட்டிக் கொடுப்பார். கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் சுவரைப் பார்க்க வந்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது மலாக்கா கடல். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "இந்த மஞ்சள் பக்கமாத்தான் தங்கச்சி எங்க பாட்டன் கப்பல விட்டு எறங்குனாரு" என்று விரல் வைத்துக் காட்டுவார். ஒரு சீன ஆன்ட்டி போனில் படம் பிடித்துக்கொண்டு, இதில் லாட்டரி நம்பர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மகளிடமே கேட்டாள். யூனிபாரம் போட்ட பையன்கள் யாரோ ரொட்டி சானாய்க் குழம்பைக் கொட்டிவிட்டார்கள் என்று தீர்மானம் செய்தார்கள். மகள் எல்லாரையும் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினாள். என்னிடம் மட்டும் முகம் தூக்குவாள்.

கடைசி வலைகள் மட்டும் மிச்சம் இருந்த ஒரு காலையில், பஸ் நிலையத்துப் படிக்கட்டு வழியாக இறங்கினேன். பதித்த பக்கத்தை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். மேலே இருந்து வெயில் படிவழியாக இறங்கி, அந்த நீலத்தின் மேல் விழுந்து, எதிர்ச்சுவரிலும் கூரையிலும் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சோற்றுக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ, மகள், "என்னம்மா, வழுக்குதா?" என்று கேட்டபோதுதான் கூடையை எடுத்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குத்தான் அவளும் வந்து சேர்ந்தாள். அவள் என்றால் எங்கள் பழைய எஸ்டேட்டுக்காரி, என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது தங்கா பத்துவில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவள். மகன் டாக்டர். பசாரில் மீன் வாங்கிக்கொண்டு வந்தவள் சுவரைப் பார்த்ததும் பையோடு நின்றுவிட்டாள்.

"உன் மகளா? ஒத்தப் பொண்ணு, இம்மாம் பெரிய செவுத்தையுமா?" என்று கன்னத்தில் கை வைத்தாள். "என் மவன் டாக்டருக்குப் படிச்சு என்னத்துக்கு? ஆசுபத்திரி செவுத்துல அவன் பேருகூட இல்ல. ஹூம்."

அந்த ஹூம் இருக்கிறதே, அது வாயிலிருந்து வந்தது இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. அவள் கிளம்பிப் போய் அரைமணி ஆகவில்லை, மகள் ஏணியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி உட்கார வைத்துத் திரும்பினால், புதிதாகப் பதித்த இரண்டு வலைகள் சரசரவென்று வழுக்கிக் கீழே வந்தன. சாயங்காலம் மழை. தண்ணீர் உள்ளே வந்து சிமெண்ட் மூட்டையை நனைத்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பெரியவர்கள் பொழுது போகாமலா சொல்லி வைத்தார்கள்?

வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். அவள் இருமினாள். "ம்மா, ஏணியோட காலு ஆடுச்சும்மா, அதான்" என்றாள். படித்தவள், அப்படித்தான் சொல்வாள்.

ஆனால் பெண்ணுக்குச் சுற்றியாயிற்று, சுவருக்கு? கண் பட்டது சுவருக்குத்தானே. இன்னும் கையெழுத்து விழவில்லை. அதற்குள் மொத்தமும் சரிந்தால் என்ன செய்வது? அங்கே போய்ச் சூடம் கொளுத்தினால் அலுவலகத்து ஆட்கள் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள். பூசணிக்காய் உடைத்தால் பஸ்ஸுக்கு ஓடுகிறவன் வழுக்கி விழுவான். எலுமிச்சையும் மிளகாயும் கட்டினால் கூட்டுகிறவள் மறுநாளே எடுத்துவிடுவாள். யோசித்து யோசித்து, பச்சைப்பிள்ளைக்கு என்ன செய்வோமோ அதையே செய்வது என்று முடிவு செய்தேன். ஒரு பொட்டு. பார்க்கிறவள் கண் முதலில் அதில் போய் விழட்டும், அழகில் விழ வேண்டாம். மை வைத்தால் துடைத்தால் போய்விடும். நான் தையல்காரி. என் டப்பாவில் கோட்டுக்குத் தைக்கும் பெரிய கறுப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. பசையும் இருந்தது, அறுந்த செருப்பைக்கூட ஒட்டும் ரகம்.

மறுநாள் மத்தியானம் மகளும் அவள் அப்பாவும் இடுக்குப் பூசும் பொடி வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள். கூலி ஆள் சாப்பிடப் போனான். நான் பொத்தானும் பசையுமாகச் சுவருக்கு முன்னால் நின்றேன். அங்கேதான் சிக்கல் வந்தது.

பிள்ளைக்குப் பொட்டைக் கன்னத்தில் வைப்போம். இதில் கன்னம் எங்கே? முகமே இல்லாததற்குக் கன்னம் எங்கிருந்து வரும்? ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து தேடினேன். மஞ்சளை நெற்றி என்று வைத்துக்கொண்டால் கன்னம் பாயின் கடைக்கு வெளியே போய்விடுகிறது. வெள்ளை வளைவை மூக்கு என்று வைத்தால் வாய் தரையில் இருக்கிறது. அப்ஸ்ட்ராக்ட் என்று மகள் சொன்னதன் கஷ்டம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கடைசியில், நீலம் கொஞ்சம் உப்பி, அதன் மேல் லேசாகச் சிவப்பு ஏறி, கிள்ளலாம் போல ஓர் இடம் இருந்தது. இதுதான் கன்னம் என்று எனக்குள் ஏதோ சொன்னது. பசையைத் தடவிப் பொத்தானை வைத்து, கட்டை விரலால் நன்றாக அழுத்தி, குலதெய்வத்தை நினைத்துக் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்து விரலை எடுத்தால் விரல் வரவில்லை.

இழுத்தேன். தோல் வலித்தது. ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் சுவரில் கை வைத்துக்கொண்டு, ஏதோ யோசனையில் நிற்கிறவள் மாதிரி நின்றேன். ஒரு மலாய்ப் பெண் மயக்கமா என்று கேட்டு நாற்காலி தேடினாள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்று என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, தலையை ஆட்டி, இதுவும் கலையில் சேர்ந்தது என்று நினைத்தார்களோ என்னவோ, படம் எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நல்லவேளையாகப் பாய் வந்தார்.

"என்னா தங்கச்சி, கடல்ல ஆழம் பாக்கறீங்களா?"

"பாய், வெளையாடாதீங்க. ஒட்டிக்கிச்சு."

குனிந்து பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் புள்ளைக்கு மை வைப்பாங்க தங்கச்சி" என்றபடி கடைக்குப் போய்ச் சாவிக்குப் போடும் எண்ணெயையும் ஒரு மக்கு வெந்நீரையும் கொண்டுவந்தார். ஊற்றி ஊற்றித் தேய்த்ததில் விரல் வந்தது, தோல் கொஞ்சம் சுவரோடு தங்கிவிட்டது. பொத்தான் மலை மாதிரி அசையாமல் இருந்தது.

"எம் மவளுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடுவா. ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது, பாய்."

"இந்த வாய் பூட்டுன பூட்டு தங்கச்சி" என்றார். அவர் பூட்டுக்கு மாற்றுச்சாவி வெட்டிப் பிழைப்பவர் என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மகள் அன்று சாயங்காலம் மறுகோடியிலேயே நொண்டி நொண்டி வேலை செய்து, இருட்டுவதற்குள் முடித்துவிட்டாள். பொத்தான் அவள் கண்ணில் படவில்லை. மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து பார்க்க வருவதாக இருந்தது.

காலையில் கணுக்காலைச் சுற்றத் துணி தேடினாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால், சாப்பாட்டு மேசையில் அந்த வெளிர்நீல பாஜு குரோங் விரித்துக் கிடந்தது. மகள் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அவள் அப்பா ரேடியோவைப் போட்டார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்தார்.

வந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி. நாங்கள் மலாயில் மரியாதையாகப் புவான் என்று அழைத்தோம். இனிமையானவர், ஆனால் கண் கழுகுக்கண். ஒப்புக்கொண்ட வரைபடத்தைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து சுவரோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். மகள் அவர் பின்னால் நொண்டிக்கொண்டு போனாள். நான் கன்னத்துக்கு முன்னால் போய், முந்தானையை விரித்து நின்றுகொண்டேன். புவான் சிரித்தபடி, கொஞ்சம் நகருங்கள் அம்மா என்றார். நகராமல் என்ன செய்வது?

"இது என்ன? வரைபடத்தில் இல்லையே" என்று மலாயில் கேட்டார்.

மகள் குனிந்து பார்த்தாள். நாலு ஓட்டை போட்ட கறுப்புப் பொத்தான். மலாக்காவில் எத்தனையோ வீட்டில் பொத்தான் இருக்கும். அவள் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள்.

யாரும் கேட்காமலே பாய், "சின்னப் பசங்க ஒட்டியிருப்பானுங்க புவான்" என்று மலாயில் ஆரம்பித்தார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

சுவர் வரைபடம் மாதிரியே இருந்தால்தான் கையெழுத்துப் போட முடியும், அதை எடுத்துவிடுங்கள் என்றார் புவான். மகள் ஒரு தகட்டை எடுத்து நெம்பிப் பார்த்தாள். பொத்தான் வரவில்லை, பக்கத்து டைலின் மினுக்குத்தான் பொரிந்து வந்தது. தகட்டைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகப் பேசினாள்.

"நீதானேம்மா?"

"ஆமா."

"யூனிபாரம் தச்சு வச்சிட்ட. கையெழுத்து விழுந்துடக் கூடாதுன்னு இதையும் பண்ணிட்ட. நேரா சொல்லியிருக்கலாம்ல? நானே போயிருப்பேன்ல கிளினிக்குக்கு." சுவரைக் காட்டினாள். "இவ்ளோ வெறுப்பாம்மா இது மேல?"

ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. துணி கொடுத்துவிட்டு அவசரப்படுத்தும் கல்யாண வீட்டுக்காரர்கள்கூட என்னிடம் அளந்துதான் பேசுவார்கள். அந்த வாயிலிருந்து எல்லாம் ஒரேயடியாக வந்தது.

"பைத்தியக்காரி, பொட்டுடி அது. திஷ்டிப் பொட்டு. அந்தத் தங்கா பத்துக்காரி வந்து பெருமூச்சு விட்டுட்டுப் போனாள்ல? அன்னைக்கே உன் காலு போச்சு, வலை விழுந்துச்சு, மழை வந்துச்சு. இன்னும் என்னென்ன ஆவுமோன்னு ராப்பகலா நான் தூங்கல. அழகா இல்லாத புள்ளைக்கு எவடி பொட்டு வைப்பா?"

பாதையில் என் குரல் இரண்டு தடவை கேட்டது, அங்கே எதிரொலி அதிகம். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் மட்டும், "அதான் சரி" என்றார். அவர் ஒரே ஒருத்தர் பக்கம் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புவான் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, என்ன சண்டை என்று பாயிடம் கேட்டார். பூட்டு திறந்துகொண்டது. பாய்க்கு மலாய் தேன் மாதிரி வரும். இந்த அம்மாவுக்குச் சுவர் அளவுக்கு மீறி அழகாகத் தெரிந்துவிட்டது, ஊர்க்கண் படும் என்று பயந்து குழந்தைக்கு வைப்பது போல அடையாளம் வைத்தார், வைத்ததில் இவரே ஒட்டிக்கொண்டார், நான்தான் எண்ணெய் ஊற்றிப் பிரித்தேன், விரலைக் காட்டுங்கள் தங்கச்சி என்று முழுக்கதையையும் சொல்லிவிட்டார். நான் விரலைக் காட்டினேன். புவான் தலைத்துணியின் ஓரத்தால் வாயை மூடிக்கொண்டார். சிரித்து முடித்த பிறகு வருத்தமாகச் சொன்னார்: எல்லாம் சரிதான், ஆனால் வரைபடத்தில் இல்லையே, நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

மகள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து தன் டேப்லெட்டை எடுத்தாள்.

"சுவர் சரியாகத்தான் இருக்கிறது, புவான்" என்றாள் மலாயில். "வரைபடத்தில்தான் நான் விட்டுவிட்டேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து, வரைபடத்தைத் திறந்து, நீலம் உப்பி இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் போட்டாள். பெரிதாக்கி, நாலு ஓட்டையும் போட்டாள். பொரிந்துபோன டைலையும் வரைந்தாள். திருத்திய வரைபடம் என்று எழுதி அனுப்பினாள். புவானின் போன் டிங் என்றது. அவர் அதைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்து, ஓட்டைகள் நேராக இருக்கின்றனவா என்றுகூடச் சரிபார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது வேனில் நான் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீங்கிய காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"நீ எங்கடி கேட்ட?"

"தெனமும் கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பேன். மற்றவர்கள் கடல் என்றும் குழம்பு என்றும் சொன்னதையெல்லாம் சிரித்து வாங்கிக்கொண்டவள், என் வாயிலிருந்து வர வேண்டியதற்கு மட்டும் இத்தனை மாதமும் காத்திருக்கிறாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

"யாரு, நானா?" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணாடியில் பார்த்து.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மகள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றாள். சொன்னேன். வீடு வந்து சேரும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள், நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.